பூனையின் விளையாட்டு

ஈப்போவிலும் சுற்றுப்புறப் பட்டணங்களிலும் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்குக் கடைப் பூனை புதியதன்று. அரிசி மூட்டைமேல் உறங்கும். சணல் அசைந்தால் பாயும். வாடிக்கையாளர் காலைச் சுற்றி வரும். கண்டு சிரிக்கிறோம். அதன் பொருளைச் சிந்திப்போர் சிலரே.

பூனையின் விளையாட்டு வேட்டையின் ஒத்திகையாகும். பதுங்குதல், பாய்தல், முன்காலால் பற்றுதல், கவ்வுதல் எல்லாம் எலி பிடிக்கும் வித்தையே. குட்டி, பிறந்த நான்கு வாரத்தில் உடன்பிறந்தவற்றோடு மல்லுக்கு நிற்கும். பலமாகக் கடித்தால் ஆட்டம் நின்றுவிடும். இவ்வாறே அது அடக்கம் கற்கிறது. தாயைச் சீக்கிரம் பிரிந்த குட்டிக்கு இப்பாடம் கிடைக்காது. ஆகவே, எட்டு வாரமாவது தாயுடன் விட்டுவைப்பது நலம்.

வால் நிமிர்ந்து வந்தால் அது முகமன் கூறுகிறது. காது பின்னால் படிந்து, வால் இருபுறமும் அடித்தால், விலகிவிடுக. பிள்ளைகள் விரலை ஆட்டிப் பூனையைப் பாயவிடக் கூடாது. கையையே இரையாகப் பழகிய பூனை பிறாண்டினால், குற்றம் பழக்கியவருடையது. விளையாடக் காகிதப் பந்து போதும். நூலும் ரப்பர் வளையமும் வேண்டாம். விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில், எலி தின்று வாழும் புள்ளிக் காட்டுப் பூனை உண்டு. மலாய்க்காரர் ‘கூச்சிங் பத்து’ என்பர். அதன் குட்டி வீட்டுக் குட்டி போலவே துள்ளும். ஆயினும் அது காட்டு ஜீவன். வளர்ந்தபின் அதன் கடி விளையாட்டாக இராது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் அதைப் பாதுகாக்கிறது. தாய் இரை தேடப் போயிருக்கலாம். குட்டியைக் கண்ட இடத்திலேயே விட்டுவிடுக.

புலியும் இவ்வினமே. 1961-ல் தோன்றிய தைப்பிங் மிருகக்காட்சிசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இதை நினைவிற் கொள்க. முதுகைத் திருப்பிய சிறுவனை நோக்கிப் புலி பதுங்கினால் அது வேடிக்கையன்று. வங்காளத்துச் சுந்தரவனத்தில் தேன் எடுப்போர், புலி பின்னாலிருந்தே பாய்வதறிந்து, 1986 முதல் பிடரியில் மனித முகமூடி அணிந்தனர். நம் நாட்டுக் காடுகளில் எஞ்சிய புலிகள் 150-க்கும் குறைவே. பேராக்கின் பெலும் காடு அவற்றின் புகலிடங்களில் ஒன்று.

இனி, பட்டினி போட்டால்தான் பூனை எலி பிடிக்கும் என்று சில கடைக்காரர்கள் எண்ணுகின்றனர். அது தவறு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். அது அதன் சுபாவம். பூனையை அடைத்துவைத்து, தானும் உணவளிக்காமல், அது தானே இரை தேடவும் விடாத பெண் தண்டனைக்குள்ளானதை ஹதீஸில் அறிவோம். ‘பூனைக்குட்டியின் தந்தை’ எனப் பொருள்படும் பெயரால் அறியப்பட்ட அபூஹுரைரா (ரலி) அவர்களையும் அறிவோம். கடை திறந்ததும், கல்லாவைத் தொடுமுன், பூனையின் தட்டைப் பாருங்கள்.