ஏட்டில் எஞ்சிய பெயர்

அரசர்தம் பெயர்களைக் கல்லும் செம்பும் காத்தன. நிலமுடையோர் பெயர்களைப் பட்டாவும் அடங்கலும் காத்தன. ஏற்றம் இறைத்தும் கரும்பு வெட்டியும் வாழ்ந்த உழைப்பாளியின் பெயரைக் காத்தது எது?

இங்கிலாந்தில், திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு கோயிலாரும் ஏட்டில் எழுதிவைக்க வேண்டுமென 1538ஆம் ஆண்டிலேயே ஆணை பிறந்தது. 1841 முதல் அந்நாட்டுக் குடிக்கணக்கில் வீட்டிலுள்ளார் ஒவ்வொருவர் பெயரும் இடம்பெற்றது. நூறாண்டு கழிந்தபின் அவ்வேடுகளை எவரும் பார்க்கலாம். ஆதலின் அங்கே ஒரு சுரங்கத் தொழிலாளியின் மரபையும் தேடியறிதல் இயலும். நம் நாட்டுக் குடிக்கணக்கு 1872இல் தொடங்கியது. ஆயினும், தொகை கண்டபின் பெயரெழுதிய பழைய படிவங்கள் காக்கப்படவில்லை, எஞ்சியவை எண்களே. 1948ஆம் ஆண்டுச் சட்டமும் தனியொருவர் குறிப்பைப் பிறர் பார்க்க இடந்தருவதில்லை.

கடலூர்–விழுப்புரம் இருப்புப்பாதையில் உள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் 1860-களில் டேனிஷ் மிஷனார் தொண்டாற்றத் தொடங்கினர். இத்தகைய ஊர்களில் திருச்சபையைச் சார்ந்த குடும்பத்தார்க்கு ஞானஸ்நானப் பதிவேடே முதல் துணையாகும். குழந்தையின் பெயரோடு பெற்றோர் பெயர், வாழும் ஊர், தந்தையின் தொழில் ஆகியவற்றையும் எழுதுதல் அவ்வேடுகளின் வழக்கம். ‘கூலி’ என்னும் ஒரு சொல்லே அங்கு ஒரு வாழ்நாள் வரலாறாக நிற்பதுண்டு.

திருச்சபையைச் சாராத ஏழையரின் பெயர்களோ, பெரும்பாலும் கடலுக்கு அப்பால்தான் கிடைக்கின்றன. 1860 நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் இவ்வாறு நேட்டாலுக்குச் சென்றனர். அவருட் பெரும்பாலோர் சென்னைத் துறையில் கப்பலேறியவர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், சிற்றூர், உடலிலுள்ள தழும்பு என யாவும் பதியப்பட்டன. தப்பியோடினால் பிடிப்பதற்கு உதவிய தழும்புக் குறிப்பு, இன்று கொள்ளுப்பேரனுக்கு உதவுகிறது! அடிமைத்தனத்தை ஒத்த அவ்வொப்பந்தமே அவர் பெயரையும் காத்தது என்பது எண்ணுந்தோறும் நெஞ்சை வருத்துகிறது.

இவ்வேடுகளைப் படித்தல் எளிதன்று. எழுத்தர் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதினார். ழகரமும் ளகரமும் லகரமாயின. மேல்பட்டாம்பாக்கம் என்பதை ஆங்கிலத்தில் எத்தனை வகையாக எழுதலாம் என்று மாணவர் தாமே எழுதிப் பார்ப்பாராக. ‘பாக்கம்’ என முடியும் ஊர்களோ நம் நாட்டிற் பல. ஆதலின், ஊர்ப்பெயரை மட்டும் நம்பாது வட்டத்தின் பெயரையும் ஒப்புநோக்கல் வேண்டும். வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டறிந்த பெயர்களையும் உறவுமுறைகளையும் முன்னரே குறித்துக்கொண்டு, பிறகு ஏட்டைத் திறப்பதே முறை. முதியோர் மறைந்தபின் ஏடு மட்டும் பேசாது.

நேட்டால் கப்பற் பட்டியல்களை இந்நாளில் கணிப்பொறி வழியாகவும் தேடலாம். தேடுவோர் தம் பாட்டனார் பெயர் கிடைத்ததும் நின்றுவிடுகின்றனர். அடுத்த பத்தியில் தந்தையின் பெயர் இருக்கிறது. அவர் கப்பல் ஏறாதவர். ஊரிலேயே உழுது, ஊரிலேயே மடிந்தவர். வேறெந்த ஏட்டிலும் அவர் பெயர் இல்லை.