அன்றைக்கே தீரும் வேலை

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் யார்க்வில் என்றொரு பகுதி. ஒரு காலத்தில் ஜெர்மன் பேசுகிறவர்கள் திரளாகக் குடியிருந்த இடம். அங்கே முதலாம் அவென்யூவில், பவேரியாவிலிருந்து வந்த ஜான் ஹெர்பர்ட் கிளேசர் 1902-ஆம் ஆண்டு ஒரு பேக்கரி வைத்தார். அவருடைய பேரன்கள் இருவர் 2018 ஜூலை 1-ஆம் தேதி அதை மூடினார்கள். 116 வருடம் ஓடிய கடை. செய்தி முன்கூட்டியே வெளியானதால் கடைசி நாட்களில் நடைபாதை நெடுக வரிசை நின்றது. இப்படிப்பட்ட கடைகள் மூடும்போது அந்த நகரத்தில் வழக்கமாகக் காதில் விழும் காரணம் வாடகை. சகோதரர்கள் சொன்னது வேறு: பல பத்தாண்டுகள் உழைத்தாயிற்று, இனி ஓய்வு வேண்டும். வாங்க வந்தவர்களுக்கு அது இழவு வீடு, விற்றவர்களுக்கு ஓய்வு. அடுத்த தலைமுறைக்குக் கைமாறாமல் போனதால் அந்த உழைப்பு பாதியில் நின்றுவிட்டது என்று பலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. வேலையில் மனநிறைவு எங்கிருந்து ஊறுகிறது என்று பார்த்தால், ஒரு கடை நெடுநாள் நீடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு என்று காட்ட முடியும்.

அந்தக் கடைக்குப் பேர் வாங்கித் தந்தவற்றில் ஒன்று, பாதி கறுப்பு பாதி வெள்ளைப் பூச்சுள்ள ஒரு பண்டம். குக்கி என்றுதான் சொல்கிறார்கள். கடித்தால் கேக்போல மெத்தென்று இருக்கும். மாவைத் தட்டில் குவித்துச் சுட்டால் மேல்பக்கம் உப்பலாகவும் அடிப்பக்கம் தட்டையாகவும் வரும். ஆறியபின் அதைக் கவிழ்த்து, தட்டையான பக்கத்தில் பாதிக்கு வெனிலாப் பாகும் மறுபாதிக்குச் சாக்லேட் பாகும் பூச வேண்டும். பாகு சூடாக இருந்தால் வழியும். ஆறிவிட்டால் திட்டுத்திட்டாக நிற்கும். ரொட்டி மாவின் சங்கதி இன்னும் நுட்பமானது. அறையின் வெப்பம், மாவின் வெப்பம் இரண்டையும் பார்த்துத்தான் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று மாஸ்டர் முடிவு செய்கிறார். கோடையில் ஐஸ் தண்ணீர், குளிர்காலத்தில் வெதுவெதுப்பு. நேற்றைய அளவு இன்றைக்கு அப்படியே பொருந்தாது. முடிவெடுத்தவருக்குச் சில மணி நேரத்தில் பதில் கிடைத்துவிடுகிறது: பொங்கியதா, அமுங்கியதா, ஓவனிலிருந்து எடுத்ததும் தெரிந்துவிடும். சாயங்காலம் அலமாரி காலியானால் அன்றைய கணக்கு தீர்ந்தது. மறுநாளுக்கு மிச்சம் வைக்கிற வேலை இல்லை அது.

ரிச்சர்ட் ஹேக்மன், கிரெக் ஓல்ட்ஹம் என்ற இருவர் 1976-இல், வேலையை அர்த்தமுள்ளதாக்கும் தன்மைகள் ஐந்து என்று எழுதினார்கள். பலவிதத் திறமைக்கு இடம், ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவுவரை செய்வது, அது பிறருக்குப் பயன்படுவது, சுயமாக முடிவெடுப்பது, செய்தது எப்படி வந்தது என்று உடனே தெரிவது. ஐந்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் தொழில்கள் அதிகம் இல்லை. சிறிய பேக்கரி அவற்றில் ஒன்று. நூறாண்டு நிலைத்தல், கிளைகள் திறத்தல், பிள்ளைகள் தொடர்தல் எதுவும் அந்த ஐந்தில் இல்லை என்பதையும் கவனிக்கலாம்.

இதற்கு எதிர்ச்சான்று வேண்டுமானால் பாஸ்டனுக்குப் போக வேண்டும். சமூகவியலாளர் ரிச்சர்ட் சென்னெட் 1998-இல் வெளியிட்ட நூலில் ஒரு பேக்கரியை இரண்டு காலங்களில் பார்த்து ஒப்பிடுகிறார். முதலில் பார்த்தபோது அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கிரேக்க வம்சாவளியினர். ராத்திரி வேலை, வியர்வை நாற்றம், முதுகை ஒடிக்கும் சுமை. வேலையில் அவர்கள் சுகம் கண்டதாக அவர் எழுதவில்லை. தொழில் தெரிந்தவன் என்ற பெருமை மட்டும் இருந்தது. சுமார் 25 வருடம் கழித்துப் போனபோது ஒரு பெரிய உணவு நிறுவனம் அதை நடத்திக்கொண்டிருந்தது. கணினித் திரையில் ரொட்டியின் படத்தைத் தொட்டால் ரொட்டி வரும். அடுப்புச் சூடும் மாவு பொங்கும் நேரமும் யார் கையிலும் இல்லை. இடம் சுத்தம், வேலை நேரம் சௌகரியம், உடம்புக்கு நோவு குறைவு. இருந்தும் தாங்கள் நிஜ பேக்கர்கள் இல்லை என்பதே அங்கிருந்தவர்களின் உணர்வு. எந்திரம் கெட்டால் அதைச் சரிசெய்யத் தெரியாது. அதை ஓரம்கட்டிவிட்டுக் கையால் ரொட்டி சுடவும் தெரியாது. கருகிய ரொட்டிகள் குப்பைத் தொட்டியில் குவிந்தன. கஷ்டம் குறைந்தால் நிறைவு கூடும் என்ற பொதுவான நம்பிக்கைக்கு இதைவிட நேரடியான மறுப்பை நான் படித்ததில்லை.

உடனே எழும் ஆட்சேபம்: கஷ்டப்படுகிறவனின் பெருமையைக் கொண்டாடுவது அவனைச் சுரண்டுகிறவனுக்கு வசதியான பேச்சு. இதை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். கிளேசர் கடை திறந்த அதே நியூயார்க் மாநிலத்தில், நிலவறைகளில் நடந்த பேக்கரிகளின் அவலத்தைப் பார்த்து 1895-இல் ஒரு சட்டம் வந்தது. பேக்கரித் தொழிலாளி நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது அது. அந்த வரம்பே தாராளம் என்று இன்று தோன்றும். அதையும் 1905-இல் லாக்னர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஒப்பந்த சுதந்திரத்தின் பேரால் ரத்து செய்தது. மாவுத்தூளால் வரும் ஆஸ்துமாவுக்கு மருத்துவத்தில் பேக்கர்களின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, தொழில் பெருமை கூலிக்கு ஈடு ஆகாது, ஓய்வுக்கும் ஈடு ஆகாது. நான் சொல்வது இதைத் திருப்பிப் போட்டால் கிடைப்பது: கூலியும் ஓய்வும் சௌகரியமும் கொடுத்துவிட்டோம் என்பதற்காக ஒருவனிடமிருந்து முடிவெடுக்கும் உரிமையைப் பிடுங்கிக்கொள்ள நியாயம் இல்லை. பாஸ்டனில் நடந்தது அதுதான். வேலை நேரத்தைக் குறைக்க மாவைக் கையிலிருந்து பறிக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொரு சான்று சமையலறையிலிருந்தே வருகிறது. ரயன் பியூல், டாமி கிம், சியா-ஜங் சாய் மூவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு. ஓர் உணவகத்தில் சமையல்காரர்களுக்கும் சாப்பிட வருகிறவர்களுக்கும் நடுவே வீடியோத் திரை வைத்தார்கள். சமையல்காரர் மட்டும் சாப்பிடுகிறவரைப் பார்க்க முடிந்தபோதே, உணவைப் பற்றிய வாடிக்கையாளர் திருப்தி 10 சதவீதம் ஏறியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபோது 17.3 சதவீதம். சாப்பிடுகிறவரைச் சமையல்காரர் காணாதபோது முட்டையை மொத்தமாக முன்கூட்டியே பொரித்து வைப்பது வழக்கம். முகம் தெரிந்ததும் கேட்டபிறகு பொரிப்பது அதிகமானது. யாரும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை, சம்பளம் கூட்டவில்லை. நம்மூர்ப் பரோட்டாக் கடைகளில் கல்லை வாசலிலேயே போட்டுவைப்பது ஆளை இழுக்கத்தான் என்றாலும், மாஸ்டருக்கும் அதில் ஒரு லாபம் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

பேக்கரி வைத்தவனுக்கு இதெல்லாம் சரி, அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிறவன் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, முழுப் பதில் என்னிடம் இல்லை. வேலையை விட்டுவிட்டுப் பேக்கரி தொடங்குங்கள் என்று சொல்கிறவர்களை மட்டும் நம்ப வேண்டாம். கடன் தவணைக்கு நடுவே எந்த ரொட்டியும் இனிக்காது. செய்து பார்க்கக்கூடிய சில காரியங்கள் உண்டு. பெரிய வேலையை அன்றன்றைக்கு முடிகிற துண்டுகளாக வெட்டிக்கொள்வது முதலாவது. மாதக் கடைசியில் வரும் அறிக்கையைவிட, இன்றைக்குத் தீர்த்த மூன்று மனுக்கள் மனத்துக்கு ஆறுதல். அந்த மனு யாருடையது என்று தெரிந்துகொள்வது அடுத்தது. எண்ணாக வருகிற கோப்புக்குப் பின்னால் இருக்கிற ஆளை ஒருமுறை நேரில் பார்த்தால், அடுத்த கோப்பை எழுதுகிற விதமே மாறும். மூன்றாவது, எந்த இடத்தில் உங்கள் தீர்ப்புக்கு வேலை இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை மென்பொருளுக்கோ மேலதிகாரிக்கோ சோம்பலால் விட்டுக்கொடுக்காதிருப்பது. இந்த மூன்றுக்கும் இடமே கொடுக்காத வேலைகளும் உண்டு. அவற்றில் இருப்பவர் நிறைவைத் தனக்குள் தேட வேண்டும் என்று உபதேசிப்பது அநியாயம். அங்கே மாற்ற வேண்டியது வேலையின் அமைப்பை.

மிச்சமிருப்பது எல்லாவற்றிலும் கூர்மையான ஆட்சேபம்: அவ்வளவு நிறைவு தந்த தொழில் என்றால் ஏன் மூடினார்கள்? நிறைவும் களைப்பும் ஒரே உடம்பில் ஒன்றாக இருக்க முடியும் என்பதுதான் பதில். விடியலுக்கு வெகு முன்பே எழுந்து, மாவு மூட்டையோடும் அடுப்புச் சூட்டோடும் நாற்பது வயதில் மல்லுக்கட்டுவதும் அறுபது வயதில் மல்லுக்கட்டுவதும் ஒன்றாகாது. இந்த இடத்தில்தான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். உடம்பு சோர்ந்ததை மனம் சலித்ததாக எடுத்துக்கொண்டு, இத்தனை வருடமும் வீண் என்று கசந்துபோகிறார்கள். இல்லாவிட்டால், சலித்துப் போனதை வெறும் சோர்வு என்று நம்பி, ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அதே நாற்காலிக்குத் திரும்புகிறார்கள். நன்றாக ஓய்வெடுத்துத் திரும்பிய பிறகும் முதல் ட்ரே வெளியே வரும்போது எட்டிப்பார்க்கத் தோன்றுகிறதா என்பது நல்ல சோதனை. தோன்றினால், குறைக்க வேண்டியது நேரத்தை. தோன்றாவிட்டால் விஷயம் வேறு.

பிள்ளைகள் தொடராததை ஒரு குறையாகச் சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுயமாக முடிவெடுப்பதால்தான் இந்தத் தொழில் நிறைவு தருகிறது என்றால், அதைக் கட்டாயமாகப் பெறுகிற பிள்ளைக்கு முதல் நாளே அந்த நிறைவு பறிபோய்விடுகிறது. தாத்தா பவேரியாவை விட்டுக் கிளம்பி வந்து கடை வைத்தது அவர் தேர்ந்த வழி. அடுத்து வருகிறவர்களும் தங்கள் வழியைத் தாங்களே தேர்ந்துகொள்ளட்டும். வாடிக்கையாளர்களின் துக்கம் உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு குடும்பம் இன்னும் முப்பது வருடம் ராத்தூக்கம் கெட வேண்டும் என்று கேட்கிற உரிமை, ரொட்டிக்குக் காசு கொடுத்ததால் வந்துவிடாது. கேட்கக்கூடிய உரிமை இருப்பது கடையில் சம்பளத்துக்கு நின்றவர்களுக்கு. முதலாளிக்கு ஓய்வாக அமைகிற அதே தேதி அவர்களுக்கு வேலையிழப்பு. மூட நினைக்கிற குடும்பம் அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டும், ஊருக்கு அப்புறம். வேறு வேலை தேடுமளவுக்கு மாதக்கணக்கில் அவகாசம் தர வேண்டும், சேர வேண்டிய பாக்கியைக் கடைசி நாளுக்கு முன்பே தீர்த்துவிட வேண்டும். மாஸ்டர்களில் யாராவது அதே கைப்பக்குவத்தோடு வேறொரு தெருவில் சொந்தக் கடை போட விரும்பினால், பழைய ஓவனையும் அளவுக் குறிப்புகளையும் அவருக்குக் கட்டுப்படியாகிற விலைக்குத் தரலாமா என்று கேட்டுப் பார்க்கலாம்.