படம் சரி, விடை தவறு

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய பிளாக் டயக்ராமைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அழகாகப் போகின்றன. "ரன் அம்பு உடையவே இல்லை மாமா, ஆனாலும் சராசரி வெப்பநிலை தப்பாக வருகிறது, அதுவும் சில நேரம்தான்" என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி மூன்று சொற்களில்தான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் பொறு, வருகிறேன்.

முதலில் அந்த அம்பு, அதாவது நிரலை ஓட்டும் பொத்தான். லேப்வியூ என்கிற இந்த வரைபட நிரல்மொழி, நீ வரைய வரையவே நிரலைத் தொகுத்துக்கொண்டு வருகிறது. எண் போக வேண்டிய இடத்தில் எழுத்துச்சரத்தை இணைத்தாலோ, கட்டாயமாக வேண்டிய ஒரு முனையை வெறுமனே விட்டாலோ அம்பு உடைந்து நிற்கும். உடைந்த அம்பைச் சொடுக்கினால் பிழைப்பட்டியல் திறக்கும். ஒரு வரியை இருமுறை சொடுக்கினால் பிழை இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் விடும். முதல் பிழையைச் சரிசெய்தாலே மற்றவற்றில் பாதி தானாக மறைவது வழக்கம். இதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே எச்சரிக்கை: உடைந்த ஒயர்களை எல்லாம் ஒரேயடியாக அழிக்கும் கன்ட்ரோல்-பி விசையை அவசரத்தில் தட்டாதே. நீ திருத்தியிருக்க வேண்டிய ஒயரும் சேர்ந்து போய்விடும்.

அம்பு முழுதாக இருக்கிறது என்றால் இலக்கணம் சரி என்று மட்டும்தான் பொருள். நீ நினைத்ததைத்தான் எழுதியிருக்கிறாயா என்று அதற்குத் தெரியாது.

இந்த மொழியின் குணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இருந்த நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1986-இல் மெக்கின்டாஷ் கணினிக்காக லேப்வியூவை வெளியிட்டது. அதன் தந்தை என்று ஜெஃப் கொடோஸ்கியைச் சொல்வார்கள். ஆய்வகத்தில் கருவிகளோடு வேலை செய்கிறவர்கள் வரி வரியாக எழுதாமல், தாங்கள் தாளில் போடுகிற கட்டப்படத்தையே நிரலாக ஓட்ட வேண்டும் என்பது நோக்கம். அதனால் வரிசை என்பதைத் தீர்மானிப்பது தரவுதான். கல்யாணப் பந்தியில் எல்லா இலைக்கும் ஆள் உட்கார்ந்த பிறகுதான் பரிமாறத் தொடங்குவார்கள், இல்லையா? ஒரு கட்டமும் அப்படித்தான். தனக்கு வர வேண்டிய எல்லா உள்ளீடும் வந்து சேர்ந்தால் ஓடும். ஒன்று பாக்கி என்றாலும் காத்திருக்கும்.

நம் கண் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியது. அதனால் இடப்பக்கக் கட்டம் முதலில் ஓடும் என்று மனம் தானாக எண்ணிக்கொள்கிறது. இரண்டு கட்டங்களுக்கிடையே ஒயர் இல்லையென்றால் எது முதலில் ஓடும் என்பதற்கு லேப்வியூ எந்த உறுதியும் தருவதில்லை. உன் வகுப்பில் பாதிப்பேர் மாட்டிக்கொள்கிற ஸ்டாப் பொத்தான் சிக்கலும் இதே கதைதான். பொத்தானை, நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப ஓடும் வைல் லூப்புக்கு வெளியே வைத்து ஒயரை உள்ளே இழுத்தால், லூப் தொடங்கும் முன் அதன் மதிப்பு ஒரு தடவை படிக்கப்படும், அவ்வளவுதான். பிறகு நீ எத்தனை முறை அமுக்கினாலும் உள்ளே செய்தி போகாது. பொத்தானை லூப்புக்குள் நகர்த்து, தீர்ந்தது.

பிழை தேட எல்லோரும் முதலில் நாடுவது கருவிப்பட்டையில் இருக்கும் மின்விளக்குப் பொத்தானை. அதை ஏற்றினால் ஒயர்களில் சின்னக் குமிழிகள் ஊர்ந்து போவது தெரியும். பார்க்க வெகு அழகு. எந்தக் கட்டம் எதற்குப் பின் ஓடுகிறது என்று முதன்முதலாகப் புரிந்துகொள்ள நல்ல கருவிதான். ஆனால் அதற்கு இருக்கும் மரியாதை அதிகம் என்பேன். நிரலை அது ஆமை வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். வேகத்தைச் சார்ந்த பிழைகள் அப்போது ஒளிந்துகொள்ளும். ஒரே லோக்கல் வேரியபிளில் இரண்டு லூப்புகள் எழுதுகின்றன என்று வை. சாதாரண வேகத்தில் ஒன்றின் எழுத்தை மற்றொன்று அழித்துவிட்டுப் போகும். விளக்கை ஏற்றியதும் நேரக்கணக்கு மாறி எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலத் தோன்றலாம். விளக்கு எரிந்தால் சரி, அணைந்தால் தப்பு என்று ஒரு நிரல் நடந்துகொண்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் போட்டியைத்தான்.

நான் நம்புவது ப்ரோபை. ஒயர்மேல் வலச்சொடுக்கி ப்ரோப் போட்டால், அதில் கடைசியாகப் போன மதிப்பு தனிச் சாளரத்தில் தெரியும். 'நாட் எக்ஸிகியூட்டட்' என்று காட்டினால் அந்த ஒயருக்குத் தரவே வந்து சேரவில்லை என்று பொருள். அதுவே பெரிய தடயம். விளக்குக்குப் பக்கத்தில் ஒயர் மதிப்புகளை நினைவில் வைத்திருக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அமுக்கிவிட்டு ஓட்டினால், ஓடி முடிந்த பிறகும் எந்த ஒயரிலும் ப்ரோப் போட்டு விசாரிக்கலாம்.

இனி உன் நிரல். அறைவெப்பத் தண்ணீரில் மூன்று தடவை ஓட்டியபோது 30, 60, 90 என்று வந்ததாக எழுதியிருக்கிறாய். லேப்வியூவை மூடித் திறந்தால் மறுபடி 30. தண்ணீர் மாறவில்லை, சென்சார் மாறவில்லை, நிரலும் மாறவில்லை. பிறகு ஓட்டத்துக்கு ஓட்டம் மாறியது எது? ஏதோ ஒன்று முந்தைய ஓட்டத்தை ஞாபகம் வைத்திருக்கிறது. உன் படத்தில் அப்படி ஞாபகம் வைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: லூப்பின் இரு ஓரங்களிலும் இருந்து, ஒரு சுற்றின் மதிப்பை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகும் ஷிஃப்ட் ரிஜிஸ்டர். அதன் இடப்பக்க முனைக்கு வெளியிலிருந்து நீ எதையும் இணைக்கவில்லை. அப்படி விட்டால், நிரல் நினைவகத்தில் இருக்கும்வரை அது பழைய மதிப்பையே பிடித்து வைத்திருக்கும். முதல் ஓட்டத்தில் பத்து அளவீடுகளின் கூட்டுத்தொகை 300, சராசரி 30. இரண்டாவது ஓட்டம் பூச்சியத்திலிருந்து தொடங்காமல் 300-லிருந்து தொடங்கி 600-இல் முடிகிறது, சராசரி 60. மூன்றாவதை நீயே கணக்குப் போடு. வெளியிலிருந்து ஒரு பூச்சியத்தை இணைத்துவிடு. ஆனால் மாற்றுவதற்கு முன், விளக்கை ஏற்றி, அந்த முனையின் ஒயரில் ப்ரோப் போட்டு, இரண்டாவது ஓட்டம் தொடங்கும்போது 300 வருவதைக் கண்ணால் பார்த்துவிடு. காரணத்தைப் பார்க்காமல் திருத்தினால், சரியானது எதனால் என்று கடைசிவரை தெரியாது. (வேண்டுமென்றே இப்படி இணைக்காமல் விட்டு, ஷிஃப்ட் ரிஜிஸ்டரைச் சேமிப்பிடமாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அதனால்தான் லேப்வியூ இதைப் பிழை என்று சொல்வதில்லை.)

லேப்வியூ சத்தம் போடாமல் விடும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. பூச்சியத்தால் வகுத்தால் நிரல் நிற்காது, முடிவிலி என்று ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டு மேலே போகும். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் 'எண் இல்லை' என்கிற மதிப்பு வரும். அது எந்தக் கணக்கில் கலந்தாலும் அதையும் கெடுக்கும். முனையில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி தெரிந்தால், எண்ணின் வகை தானாக மாற்றப்படுகிறது என்று பொருள். 300 என்ற முழு எண்ணை 8 பிட் பெட்டிக்குள் அனுப்பினால் 44 தான் மிஞ்சும், எச்சரிக்கை வராது. எர்ரர் ஒயரை மட்டும் எந்தக் கட்டத்திலும் அறுத்துவிடாதே. பிழையின் எண்ணையும் அது பிறந்த இடத்தையும் கடைசிவரை சுமந்து வருவது அதுதான். கட்டங்களை வரிசையில் கட்டிப்போடுகிற கயிறும் அதுவே.

ஒன்று கவனி: கோளாறு நிரலுக்கு வெளியிலும் இருக்கலாம். தெர்மோகப்பிளைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்தும் 70-ஐ ஒட்டியே காட்டுகிறது என்றால் லூப்பைக் குடையாதே. உள்ளே வரும் ஒயரில் ப்ரோப் போட்டு மில்லிவோல்ட்டைப் பார். கே வகைத் தெர்மோகப்பிள், மறுமுனை 0 டிகிரியில் இருந்தால், 100 டிகிரிக்கு ஏறக்குறைய 4.1 மில்லிவோல்ட் தரும். மறுமுனை 30 டிகிரி அறையில் இருந்தால் 2.9 தான் கிடைக்கும். அந்த மறுமுனையின் வெப்பத்தை ஈடுகட்டும் குளிர்முனைத் திருத்தத்தைச் சேர்க்காமல் மின்னழுத்தத்தை அப்படியே வெப்பநிலையாக மாற்றியிருக்கிறாய் என்று அது காட்டிக்கொடுக்கும். நிரலா, கருவியா என்று பிரிக்க இன்னொரு வழி: அளவீட்டுக் கட்டத்துக்குப் பதில் விடை தெரிந்த பத்து எண்களைக் கொடுத்து ஓட்டிப் பார். சராசரி சரியாக வந்தால் நிரல் குற்றவாளி இல்லை.

இதற்கெல்லாம் ஆய்வகம் திறக்கக் காத்திருக்க வேண்டாம். லேப்வியூவின் கம்யூனிட்டி பதிப்பு 2020 முதல் வணிக நோக்கமில்லாத சொந்தப் பயிற்சிக்கு இலவசம். வீட்டுக் கணினியில் போட்டுக்கொள். அளவீட்டுக் கருவி கையில் இல்லாவிட்டாலும் போலிக் கருவி ஒன்றை உருவாக்கிப் பழகலாம். பூச்சியத்தை இணைத்ததும், மூடாமலே மூன்று தடவை தொடர்ந்து ஓட்டி, வந்த எண்களை எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா