வீட்டில் ஒருவர் மனம் சோர்ந்திருந்தால்: சில குறிப்புகள்

1. கவலை எல்லோருக்கும் வரும்; நாலு நாளில் தணியும். இரண்டு வாரமாக, பெரும்பாலான நாட்களில் நாள் முழுக்க மனம் கனத்தோ எதிலும் நாட்டமில்லாமலோ இருந்து, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்து, மறுபடி உறக்கம் பிடிக்காமல் புரள்வதும் முக்கியமான அறிகுறி.

2. "மனசு சரியில்லை" என்று நம் வீடுகளில் யாரும் எளிதில் வாய்திறப்பதில்லை. தலைவலி, முதுகுவலி, படபடப்பு, "உடம்பே அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பரிசோதனைகளில் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் தொடர்ந்தால், தூக்கத்தையும் மனநிலையையும் பற்றி மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

3. தினமும் தலைவாரிப் பூ வைத்துக்கொள்ளும் அம்மா சிக்குப் பிடித்த தலையோடு உட்கார்ந்திருப்பார். எதிரே சீரியல் ஓடும். என்ன கதை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இதைச் சோம்பல் என்று திட்டிவிடுகிறோமே, அதுதான் மனதை வருத்துகிறது. ஆண்களிடம் இதே மனச்சோர்வு எரிச்சலாகவும் குடியாகவும், முதியவர்களிடம் மறதியாகவும் தலைகாட்டலாம். பிரசவமான பெண் வாரக்கணக்கில் அழுதுகொண்டிருந்தால் "பச்சை உடம்பு, சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள்.

4. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 சத்துக் குறைவு ஆகியவற்றாலும் இதே சோர்வு வரும். ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

5. "உனக்கென்ன குறை?", "கோயிலுக்குப் போய்ட்டு வா" என்ற பேச்சு வேண்டாம். "ரொம்ப நாளா நீ நீயா இல்ல. நானும் கூட வர்றேன், டாக்டரைப் பார்க்கலாம்" என்று சொல்லி, மருத்துவமனையில் வரிசையில் நின்று சீட்டு வாங்குவதையும் நீங்களே செய்யுங்கள். சோர்ந்தவருக்கு அந்த வரிசையில் நிற்பதே மலைப்பாக இருக்கும்.

6. "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற சொல் காதில் விழுந்தால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது; சொல்ல ஓர் ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வரும். தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, எலிமருந்து, மிச்சமிருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அன்றைக்கே வீட்டிலிருந்து அகற்றுங்கள்; அந்த வேகம் தணியும் வரை கைக்கெட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் பிழைக்கும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். ஆபத்து கைமீறினால் 108.

7. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. லேசான நிலைக்குப் பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி, மருத்துவக் காப்பீட்டில் உடல்நோயைப் போலவே மனநோய்க்கும் இடம் தர வேண்டும். பாலிசியைக் கேட்டுப் பாருங்கள்.

8. மருத்துவர் எழுதித்தரும் மாத்திரை வேலைசெய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல் வரலாம். அதற்காக நிறுத்திவிட வேண்டாம். இளைஞர்களுக்குத் தொடக்கத்தில் பதற்றம் கூடினால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போதும் மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.