ஏர் பேக் அப்புறம், முதலில் நூலும் நட்டும்

தம்பி, டொயோட்டா ஜிஆர்86 கைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் "அக்கா, ஏர் சஸ்பென்ஷன் போடவா, பெரிய ரிம் போடவா?" என்கிறாய். ஜூரோங்கில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பல வருஷமாகக் கணக்கு பார்க்கிறேன். இதே கேள்வியோடு வருகிற பிள்ளைகளில் நிறையப் பேர் ரிம்மைப் படத்தில் பார்த்து, முன்பணமும் கட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் "இது என் வண்டிக்குப் பொருந்துமா?" என்று கேட்பார்கள். நீ அப்படிச் செய்துவிடக் கூடாது என்றுதான் இத்தனையும் எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரித்திருக்கிறது. கேட்காமலே செய்யலாம், அனுமதி வாங்கிச் செய்யலாம், செய்யவே கூடாது. சக்கரம் காரின் உடம்பைத் தாண்டி வெளியே துருத்தக் கூடாது என்பதை மனத்தில் எழுதி வைத்துக்கொள். ஏர் சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை உன் காரின் மாடல், வருஷம், கிட்டின் பெயர் மூன்றையும் எழுதி ஆணையத்திடமே கேள். எழுத்தில் பதில் வரும்வரை ஒரு வெள்ளி கொடுக்காதே. "எல்லாரும் போடுறாங்க" என்று கடையில் சொல்வது பதில் ஆகாது. உன் கார் 2.4 லிட்டர், பி பிரிவு. அந்தப் பிரிவின் சிஓஇ, அதாவது பத்து வருஷம் வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ் மட்டும் 2023 அக்டோபரில் 1,50,001 வெள்ளிக்குப் போனது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பத்து வருஷத்தை ஒரு கிட்டுக்காகப் பணயம் வைக்காதே. மூன்று வருஷம் முடிந்ததும் பரிசோதனை வரும், பத்து வருஷம்வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. காப்புறுதிக் கம்பெனிக்கும் முன்கூட்டியே சொல்லிவிடு. விபத்துக்குப் பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் பேச வாயிருக்காது.

அடுத்து ரிம். உன் வண்டியில் இருப்பது 18 அங்குல ரிம், அகலம் 7.5, ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வண்டியில் பொருந்தும் முகம்வரை உள்ள தூரம்) +48, டயர் 215/40. ஐந்து நட்டு, 100 மில்லிமீட்டர் வட்டம், நடு ஓட்டை 56.1 மில்லிமீட்டர். இந்த எண்களைக் கைப்பேசியில் சேமித்து வை. கடையில் அதிகமாகத் தொங்குவது 114.3 வட்டம். அதை அடாப்டர் வைத்துப் பூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடு. நடு ஓட்டை பெரிதாக இருந்தால் 56.1க்குச் சரியான வளையம் போட்டுத்தான் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்.

இனி அளவு எடுக்கும் வழி. கடைப் பையன் கண்ணால் பார்த்துச் சொல்வதை நம்பாதே. சமதளத்தில் வண்டியை நிறுத்தி ஸ்டீயரிங்கை நேராக வை. ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டி, கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல, ஃபெண்டர் விளிம்பின் உச்சியிலிருந்து தொங்கவிடு. நூலுக்கும் டயரின் பக்கச்சுவருக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளவுகோல் வைத்துப் பார். பிறகு உள்பக்கம் கைவிட்டு, டயருக்கும் அப்சார்பருக்கும் உள்ள இடைவெளியையும் அளந்துகொள். நான்கு மூலையிலும் இதைச் செய். இடது வலது ஒரே அளவாக இருக்காது, பார்த்தால் உனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இப்போது கணக்கு. நீ கேட்ட ரிம் 8.5 அகலம், ஆஃப்செட் +45. ஓர் அங்குலம் கூடியதால் பக்கத்துக்கு 12.7 மில்லிமீட்டர். ஆஃப்செட் 3 குறைந்ததால் மொத்த ரிம்மும் 3 வெளியே தள்ளும். ஆக வெளிப்பக்கம் 15.7 கூடும், உள்பக்கம் 9.7 கூடும். உன் நூல் காட்டிய இடைவெளி 15.7ஐவிடத் தாராளமாக இருந்தால் மேலே பேசலாம், இல்லாவிட்டால் அந்த ரிம்மை மறந்துவிடு. சிலர் ஆசைப்படும் 9.5, +40 என்றால் வெளியே 33 மில்லிமீட்டருக்கு மேல். ஃபெண்டரை உருட்டி மடக்கினாலும் துருத்தத்தான் செய்யும். என்னைக் கேட்டால் இந்த ஊருக்கு 8.5க்கு மேல் வேண்டாம்.

8.5 ரிம்முக்கு 225/40 டயர் போட்டால் விட்டம் 8 மில்லிமீட்டர்தான் கூடும், வேகமானி பெரிதாக ஏமாற்றாது. அகல ரிம்மில் ஒல்லி டயரை இழுத்துப் பூட்டும் பாணி மட்டும் கூடவே கூடாது. பக்கச்சுவர் சாய்ந்து நிற்கும், குழியில் விழுந்தால் அடி நேரே ரிம்மின் உதட்டில்தான். ரிம்மில் ஜேடபிள்யூஎல் என்ற தர முத்திரை இருக்கிறதா பார். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும், 2324 என்றால் 2024ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் செய்தது. பழைய சரக்கைப் புதிது என்று வாங்கி வராதே. மாட்டும்போது நட்டை 120 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சில் முறுக்கச் சொல், நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பவும் பார்.

ஏர் விஷயத்துக்கு வருகிறேன். பூன் லே இன்டர்சேஞ்சில் சக்கர நாற்காலிப் பயணிக்காகப் பேருந்து 'புஸ்' என்று ஒரு பக்கம் குனிந்து, ஏறியதும் நிமிர்கிறதே, அதே வேலைதான் உன் கிட்டிலும். ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் ரப்பர் பை, பின்னால் கம்ப்ரசர், டாங்கி, வால்வு. அடுக்குமாடிக் கார்ப்பேட்டையின் சரிவில் முன் பம்பர் உரசாமல் ஏற வேண்டும், நிறுத்தியதும் தாழ்வாகவும் தெரிய வேண்டும் என்றால் ஏருக்கு ஈடு எதுவும் இல்லை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் வெறும் அழுத்தத்தைப் பார்த்து உயரத்தை வைக்கும் கிட், இரண்டு நண்பர்கள் ஏறினால் தாழ்ந்துவிடும். பையில் அடைத்த காற்று அதேதான், பாரம் மாறிவிட்டதே. உயரத்தை அளக்கும் சென்சார் உள்ளதாகப் பார்த்து வாங்கு. ஏர் லிஃப்ட் கம்பெனியில் 3பி அழுத்தத்தை மட்டும் பார்ப்பது, 3எச் உயரத்தையும் பார்ப்பது. விலை வித்தியாசத்துக்காக 3பியோடு நின்றுவிடாதே.

இன்னொன்று நம் ஊரின் ஈரம். இங்கே சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். கம்ப்ரசர் அந்தக் காற்றை இழுத்து அடைக்கும்போது டாங்கியில் தண்ணீர் தேங்கும், நாளாக ஆக வால்வு ஒட்டும். தண்ணீர் பிரிப்பான் கட்டாயம் போடு, வாரம் ஒருமுறை டாங்கியை வடித்துவிடு. குழாய் எக்சாஸ்ட் பக்கம் போகக் கூடாது. மாட்டிய அன்றே எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பார். இரவு அழுத்தத்தைக் குறித்து வைத்து, காலையில் ஒப்பிட்டுப் பார்.

போன வருஷம் எங்களிடம் ஒரு கார் வந்தது. வேறொரு கடையில் ஏர் போட்டு, அலைன்மென்ட் செய்யாமலே அனுப்பிவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு மாதிரி, பள்ளமெல்லாம் ஆழமாக இருந்தது. சக்கரத்தைக் கழற்றித் திருப்பினால் உள்தோளில் ரப்பரே இல்லை, எஃகுக் கம்பி மீன்முள்போல வெளியே நின்றது. விரலை வைத்த பையனுக்கு ரத்தம் வந்தது. அந்தக் காரில்தான் அதன் சொந்தக்காரர்கள் மழையில் தீவு விரைவுச்சாலையில் குழந்தையோடு வந்திருந்தார்கள். தாழ்த்தினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், உள்பக்கம் மட்டும் தேயும். ஆகவே ஓட்டும் உயரம் எதுவோ அந்த உயரத்தில் வைத்து அலைன்மென்ட் செய்ய வேண்டும், ஓட்டும்போது அதே உயரத்தில்தான் ஓட்ட வேண்டும். நிறுத்தும்போது மட்டும் இறக்கு. மாதம் ஒருமுறை உள்தோளைக் கையால் தடவிப் பார். சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டர் வரும்வரை காத்திராதே, மழைக்கு அது போதாது.

என் முடிவு இது. வேலைக்கும் சந்தைக்கும் ஓட்டுகிற ஒரே கார் என்றால் 8.5 ரிம், நல்ல டயர், 25 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங், இவை போதும். ஆணையத்தின் பதில் கையில் இருந்து, வாரா வாரம் டாங்கியை வடிக்கப் பொறுமையும் இருந்தால் மட்டும் ஏர். பழைய ரிம்மையும் ஸ்பிரிங்கையும் விற்றுவிடாதே, வீட்டில் இருக்கட்டும்.

ஞாயிறு காலை பூன் லே பிளேஸ் சந்தைக்கு நாசி லெமாக் வாங்க வருவேன். நூலும் நட்டும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு கார்ப்பேட்டைக்கு வா, நான்கு மூலையையும் சேர்ந்தே அளந்துவிடுவோம்.