மூச்சே முதல்: நீரில் மூழ்கியோர்க்கான அவசர சிகிச்சை

கடலை அண்டி வாழும் திருகோணமலையில், நீரில் மூழ்கியோரை உயிர்ப்பிக்கும் முறையை வைத்தியரும் தாதியரும் ஐயமறக் கற்றல் இன்றியமையாதது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியமையை நாம் மறத்தற்கில்லை. ஆயினும், பேரலை எழாத நாளிலும் கடல் உயிர் கவரவல்லது.

மாரடைப்பினால் ஒருவரது இதயம் திடீரென நின்றுவிடின், அவர் குருதியில் சில நிமிடங்களுக்குப் போதிய ஒட்சிசன் எஞ்சியிருக்கும். ஆதலின் நெஞ்சை அழுத்திக் குருதியை ஓடச்செய்தலே அங்கு முதற்கடன். நீரில் மூழ்கியோர் நிலையோ இதற்கு மறுதலையானது. அவர்க்கு மூச்சு முதலில் நிற்கின்றது. ஒட்சிசன் தீர்ந்த பின்னரே இதயம் ஓய்கின்றது. ஒட்சிசனற்ற குருதியை எத்துணை அழுத்தி ஓட்டினும் மூளைக்கு வரும் பயன் யாது?

எனவே மூச்சற்றுக் கிடப்பவர்க்கு மூச்சளித்தலே முதற்பணி. தொடக்கத்தில் ஐந்து மூச்சு என்பது ஐரோப்பிய நெறி. இரண்டு என்பது அமெரிக்க நெறி. எண் வேறுபடினும் மூச்சே முதல் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. அதன் பின்னும் உயிர்க்குறி தோன்றாவிடின், 30 அழுத்தம், 2 மூச்சு என மாறிமாறிச் செய்தல் வேண்டும். வளர்ந்தோர்க்கு அழுத்தம் 5 சென்ரிமீற்றர் ஆழத்திற் குறையாமலும், நிமிடத்திற்கு 100 முதல் 120 வரையான வேகத்திலும் அமைதல் வேண்டும்.

வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றும் வழக்கம் நம்மவரிடையே இன்றும் உண்டு. அது தீங்கானது. இரைப்பையில் உள்ளவை மேலெழுந்து நுரையீரலுட் புகும். பொன்னான நிமிடங்களும் வீணாகும். வாயில் நுரை பொங்கினும் அதைத் துடைத்துக் காலங்கழியாது மூச்சைத் தொடர்தல் வேண்டும். பனிநீரில் நெடுநேரம் மூழ்கியோர் சிலர் பிழைத்ததுண்டு. நமது வெப்பக் கடலில் அந்நம்பிக்கைக்கு இடமில்லை. கண்விழித்தவர் இருமலோ மூச்சுத்திணறலோ உடையவராயின், வீட்டுக்கு அனுப்பாது வைத்தியசாலையிற் சில மணிநேரம் கண்காணித்தல் வேண்டும்.

வாயோடு வாய்வைத்து ஊதுதலே பழைய முறைகளினும் சிறந்தது என்பதைப் பீற்றர் சபார் முதலியோர் 1950களில் நிறுவினர். நெஞ்சழுத்தும் முறையைப் பாற்றிமோர் நகரத்தார் மூவர் 1960இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் நோர்வே நாட்டு விளையாட்டுப் பொம்மை வணிகரான ஆஸ்முண்ட் லேர்டால், இவற்றைப் பயில ஒரு பாவையை ஆக்கினார். இக்கல்வி ஏட்டால் மட்டும் வாராது, கைப்பழக்கத்தால் வருவது என்பதை அப்பாவை உணர்த்துகின்றது. ஒருவர் இருகையாலும் முகமூடியை இறுகப் பொருத்த, மற்றவர் பையை அழுத்தும் எளிய செயலும் பலகாற் பயின்றாலன்றிக் கைகூடாது.

மருத்துவத்துறை புகுந்த நம் பழைய மாணவர் ஆண்டுதோறும் ஒருநாள் ஒதுக்கி, இப்பயிற்சியை இளம் வைத்தியர்க்கும் தாதியர்க்கும், அவர் வாயிலாக மீனவர்க்கும் தமிழில் அளிப்பாராக. கரையில் முதலில் நிற்பவர் அறிந்ததே உயிர்காக்கும் வைத்தியம்.