ஹெட்லைட் ஒயரில் கை வைக்கலாமா?

கேள்வி: இரவில் வெள்ளிமலைக்குப் போய்வர என் பைக்கில் கூடுதலாக இரண்டு விளக்குகளும் செல்போன் சார்ஜரும் மாட்ட வேண்டும். ஹெட்லைட் ஒயரைச் சீவி அதிலேயே இணைத்துவிடலாமா?
— வாசகர், மூங்கில்துறைப்பட்டு

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த ஒயர் ஹெட்லைட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்கும் அளவுக்குத்தான் போடப்பட்டது. தலா 20 வாட் விளக்கு இரண்டு என்றால் 40 வாட். 12 வோல்ட்டில் 3 ஆம்பியருக்கும் மேல். ஒயர் சூடேறி, உறை உருகி, ஷார்ட் ஆனால் வண்டியே தீப்பிடிக்கலாம்.

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து தனி ஒயர் இழுங்கள். பேட்டரியை ஒட்டியே 5 ஆம்பியர் ஃபியூஸ், அடுத்து ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரை ரிலேயை இயக்க மட்டும் பயன்படுத்துங்கள். சாவியை எடுத்ததும் விளக்கு அணையும், பேட்டரி இறங்காது. சார்ஜருக்கும் இதே முறைதான். ஆனால் 2 ஆம்பியரில் தனி ஃபியூஸ் வையுங்கள்.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றினால் மலை மழையில் ஈரம் புகும். சால்டர் வைத்து, சூட்டில் இறுகும் ஸ்லீவ் போடுங்கள். ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒயரைத் தளர்வாக விடுங்கள்.

விளக்கைத் தாழ்த்தியே மாட்டுங்கள். எதிரே கரும்பு டிராக்டர் ஓட்டிவருபவருக்குக் கண் கூசினால் ஆபத்து இருவருக்கும்தான்.